இரும்புப் பல் கட்டிய வண்டி

ஆரணியில் மிக்ஸி பழுதான வீட்டுக்கு இரண்டு கஷ்டங்கள். ஒன்று, அன்றைக்குச் சட்னி கிடையாது. இன்னொன்று, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு இராஜமாணிக்கத்தின் கடைக்குப் போனால் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டாக வேண்டும்.

பிரசங்கம் எப்போதும் ஒன்றுதான். ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் கறுப்பாக, பூ மாதிரி ஒரு கப்ளர் இருக்கும். அதைத் திருகி எடுத்து, விளிம்பு சிதைந்த அந்தப் பூவை வந்தவரின் மூக்குக்கு நேரே பிடிப்பார்.

"இது ஒடஞ்சிட்ச்சின்னு பேஜார் ஆவுறீங்க. ஒடையறதுக்குத்தாங்க இத வெச்சிகிறான். இது ஒடையலன்னு வெய்ங்க, உள்ள மோட்டார் பூடும். கம்பெனிக்காரன் ஒண்ணும் கேனையன் இல்ல."

"அப்ப இரும்புலயே ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்களேன்" என்று யாராவது கேட்டுவிட்டால் அவருடைய குரல் இறங்கிவிடும். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும். "போடலாங்க. கப்ளர் ஆயுசுக்கும் நல்லாருக்கும். நீங்கதான் வருஷத்துக்கு ஒரு மிக்ஸி வாங்கணும்."

இப்படிப் பேசிய மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தரம் இரும்பில் போட்டார். மிக்ஸிக்கு அல்ல, ஒரு பொம்மை வண்டிக்கு. தெரியாமல் போட்டிருந்தால் மறந்துவிடலாம். தெரிந்தே, ஆசை ஆசையாகப் போட்டார் என்பதுதான் சங்கடம்.

இராஜமாணிக்கத்துக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் சீக்கிரம் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது தெற்குத் தெருவில் ஒரு ஓட்டு வீடும், தவழ்ந்துகொண்டிருந்த ஒரு தங்கையும். வேலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டப் பழகி, ஊர் திரும்பிக் கடை போட்டு, சங்கீதாவைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தார். தங்கைக்கு முடித்துவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று இருந்தார். தங்கை கல்யாணம் முடிந்த விதத்தில், தன் கல்யாணத்தில் அவருக்கு இருந்த ஆசை போய்விட்டது.

சங்கீதா செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனாள். கம்பெனி பஸ்ஸில் அதே ஷிப்டுக்கு வந்தவன் பிரபாகரன், சூப்பர்வைசர். அண்ணன் சந்தவாசலில் மாப்பிள்ளை பார்த்து, தட்டு மாற்ற நாள் குறித்துவிட்டு வந்த வாரத்தில் தங்கை விஷயத்தைச் சொன்னாள். அவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்த அன்றும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

பிரபாகரன் வேறு சாதி. தனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்றுதான் இராஜமாணிக்கம் இன்றைக்கும் சொல்வார். சொந்தக்காரர்களுக்கு ஆட்சேபம். அந்தச் சொந்தக்காரர்களை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிடிக்காத சொந்தக்காரர்களுக்காகப் பிடித்த தங்கையோடு பேசாமல் இருந்தார். கோபக்காரராக இருந்திருந்தால் ஒரு நாள் கத்தித் தீர்த்திருப்பார். பிறகு பசி எடுக்கும், சாப்பிட்டால் எல்லாம் சரியாகியிருக்கும். சாந்தமான மனிதர் என்பதால் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

அந்த ஒன்பதாவது வருஷத்தில் ஒரு காலை வேளை, பக்கத்துக் கடைப் பொன்னியம்மாள் எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். பொன்னியம்மாளுக்குப் பட்டுப் புடவைகளுக்குப் பாலிஷ் போட்டு மடித்துக் கொடுக்கும் வேலை. அவள் கையில் அன்றைக்கு இருந்தது புடவை இல்லை. சொம்பு பருமனுக்கு நான்கு டயர்கள், அவற்றின் மேல் பொருத்தமே இல்லாமல் சின்னதாக ஒரு லாரி உடம்பு, முகப்பில் சுறாமீன் பல் வரைந்த படம்; ரிமோட்டில் ஓடும் பொம்மை வண்டி.

"இன்னாக்கா, பொம்மக் கட வெச்சிட்டியா?"

"எனக்கு எதுக்குடா பொம்ம. ரிப்பேராம், வந்துகிறாங்க."

"யாரு?"

"எட்டிப் பாரேன். கழுத்து சுளுக்கிக்குமா?"

எட்டிப் பார்த்தார். பொன்னியம்மாள் கடை வாசலில் சங்கீதா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இன்னா கம்ப்ளெயின்ட்டாம், கேளு."

பேச்சு நின்றுபோன குடும்பங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பேசக் கூடாது, ஆனால் பேசிக்கொள்ளலாம். நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆள் எதையும் திருப்பிச் சொல்லக்கூட வேண்டியதில்லை, சும்மா நின்றாலே சட்டப்படி செல்லும்.

"மோட்டார் சுத்துதாம், சக்கரம் நவுரலன்னு சொல்லுக்கா" என்றாள் சங்கீதா, தெருவிலிருந்தே.

"யார் ஓட்டுறதாம்? பசங்களா?"

"பசங்க இல்லன்னு சொல்லு. அவருதான் ஓட்டுறாரு. ஞாயித்துக்கெழம காஞ்ச ஏரிக்குள்ள."

"எத்தினி வயசாம் அவருக்கு?"

"முப்பத்தேழுன்னு சொல்லு."

"த பாரு, என்னை உட்டுடுங்க, அங்க பொடவ கருவுது" என்றாள் பொன்னியம்மாள். ஆனால் நகரவில்லை.

பொம்மை வண்டியை முன்னிட்டுக் கேட்ட கேள்வியில், தங்கைக்குக் குழந்தை இல்லை என்ற சேதி இராஜமாணிக்கத்துக்குக் கிடைத்திருந்தது. திருப்புளியை எடுத்து வண்டியின் கியர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு அதிசயமும் இல்லை. மோட்டார் முனையில் பொத்தான் அளவு இரும்புச் சக்கரம். அது தன் பல்லால் ஒரு பெரிய பிளாஸ்டிக் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பெரிய சக்கரத்தில் ஒரு பக்கம் பல்லே இல்லை. வேலூரில் கேட்டதற்கு, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார்களாம். இராஜமாணிக்கம் தூக்கிப் போடச் சொல்லும் ரகம் அல்ல. விசைத்தறிக்காரர்கள் வாங்கும் நைலான் உருளையில் ஒரு வில்லை அறுத்து, கோடு கிழித்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாக ராவி எடுத்தார்.

சக்கரங்களைக் கோக்கும்போது ஒரு பக்குவம் இருக்கிறது. நெருக்கி வைத்தால் இறுகும், தள்ளி வைத்தால் வழுக்கும். நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி, இரண்டையும் அழுத்தித் திருகை முடுக்கிவிட்டு, காகிதத்தை உருவிவிட வேண்டும். அந்த இடைவெளிதான் கணக்கு. அவர் தலை நிமிராமல் பின்பக்கம் கையை நீட்டி, "ஒரு காயிதம் குடுக்கச் சொல்லு" என்றார்.

கையில் ஒரு பஸ் டிக்கெட் வந்து விழுந்தது. கண்ணமங்கலத்திலிருந்து அவள் வந்த டவுன் பஸ்ஸின் மகளிர் டிக்கெட், கட்டணம் இல்லாதது. கனம் கச்சிதமாக இருந்தது.

ஒரு மாதம் தாங்கவில்லை. மறுபடி பல் போய்விட்டது என்று வந்தாள். அப்புறம் இன்னொரு தரம். அதற்கப்புறம் அது ஒரு நடைமுறையாகவே ஆகிவிட்டது. முதலில் தெருவில் நின்றவள், வெயிலைச் சாக்கிட்டுப் படி ஏறினாள். ஆடி மாதத்தில் கடைக்குள் ஒரு நீல நிற ஸ்டூல் வந்தது. வாடிக்கையாளர்களுக்கு என்றார் இராஜமாணிக்கம். இருபது வருஷமாக வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"வெயில்ல வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கா."

"அவர் இளைச்சிட்டாரு, கடையில துன்னாதேன்னு சொல்லுக்கா" என்பாள் சங்கீதா, அண்ணன் பக்கம் பார்க்காமல்.

"ஆமா, இங்க வடிச்சிக் கொட்ட ஆள் வெச்சிகினு இருக்கேன்னு சொல்லு."

பொன்னியம்மாள் இப்போதெல்லாம் தன் கடையில் இருந்தபடியே "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்று குரல் மட்டும் கொடுப்பாள். ஒவ்வொரு தரமும் கடைசியில் அவர் கையை நீட்டுவார். சங்கீதா டிக்கெட்டைத் தயாராக வைத்திருப்பாள்.

ஒரு விஷயம் மட்டும் இராஜமாணிக்கத்தை உறுத்தியது. உடைந்த சக்கரங்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவை ஓடி ஓடித் தேய்ந்த பற்கள் இல்லை. வண்டி நின்ற இடத்திலேயே ஏதோ பெரிய பாரத்தை இழுக்கப் பார்த்து, ஒரே மூச்சில் முறிந்த பற்கள்.

"ஏரிக்குள்ள இன்னாத்த இழுக்குறாராம் அவங்க வூட்டுக்காரரு? தண்ணி லாரியா?"

சங்கீதா சிரித்துவிட்டாள். கடைக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு இன்னா தெரியும்னு சொல்லுக்கா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பல்லைப் படித்தவர் அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் படித்திருக்கலாம். அவர் வந்த முடிவு வேறு: சக்கரம் பலவீனம்.

மார்கழி பிறந்தது. தை வந்தால் பொங்கல். பொங்கலுக்கு அண்ணன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோக வேண்டும். பானை, அரிசி, வெல்லம், கரும்பு, ஒரு புடவை. ஒன்பது பொங்கலுக்கு அவர் கொண்டுபோகவில்லை. பத்தாவதற்கு நேராகப் போய் நிற்க அவருக்குக் கால் வரவில்லை. பொன்னியம்மாள் கடையில் பாலிஷுக்கு வந்த அரக்கு நிறப் புடவை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இந்த மாதிரி இன்னா வெல வரும்?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். புடவை கொடுத்தால் அது சமாதானம் என்று எழுதி ஒட்டியது போல ஆகிவிடும். தான் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும், கொடுத்ததாகத் தெரியவும் கூடாது. அப்படி ஒரு பொருளை யோசித்துக் கண்டுபிடித்தார்.

வேலூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பழைய சிநேகிதனிடம் போனார். கடையை இரண்டு நாள் பூட்டியிருந்தார், அதுவும் பொங்கல் வேலை நெருக்கும் நேரத்தில். பெரிய சக்கரம், அதன் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சின்னது, அச்சில் இருக்கும் நான்கு குட்டிச் சக்கரங்கள் எல்லாவற்றையும் எஃகில் வெட்டவைத்து, சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்தி எடுத்துவந்தார். மடித்த வேட்டித் துணியில் வைத்துப் பொன்னியம்மாளுக்குக் காட்டினார். நகை மாதிரி மின்னின.

அவளுக்கு முகம் மாறியது. "ஏன்டா, நீதானே இரும்புல போடக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் ஓதுவ?"

"அது ஊருக்கு. இது நம்ம வூட்டுக்கு."

"ஒடஞ்சாத்தானேடா அது இங்க வந்துகினு இருக்குது. ஒடையாம பண்ட்டு இன்னா பண்ணப் போற?"

"வேலன்னா இப்டித்தாங்கா இருக்கணும். பாவம், எத்தினி வாட்டி பஸ் ஏறி வரும்?"

அவர் மனதில் அது பானையும் கரும்பும் புடவையும் எல்லாம் சேர்ந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கிவிடும் என்று நம்பினார். மிக்ஸி வாங்கியவனுக்கு ஒரு கப்ளரை அரை மணி நேரம் விளக்குபவர்.

போகிக்கு முன்தினம் சங்கீதா வந்தாள், பல் போன வண்டியோடு. ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் பழசை எல்லாம் கழற்றி எஃகுச் சக்கரங்களைக் கோத்தார். இடைவெளி வைக்கும் கட்டம் வந்ததும் அவள் டிக்கெட்டை நீட்டினாள்.

"வேணான்னு சொல்லுக்கா. கேஜ் வாங்கியாந்துட்டேன்" என்று இடைவெளி அளக்கும் பளபளவென்ற ஒரு தகட்டைக் காட்டினார்.

அவள் கையை மடக்கிக்கொண்டாள்.

வண்டியைத் தரையில் விட்டு ஓட்டிக் காட்டினார். அது குறுக்கே இருந்த மிக்ஸி ஜாரின் மேல் ஏறி, குதித்து, சுவரில் முட்டி, சுவரையே தள்ளப் பார்த்தது. இராஜமாணிக்கம் வாய்விட்டுச் சிரித்தார். "சொல்லுக்கா. இனிமே இதுக்குன்னு அலைய வேணாம். ஆயுசுக்கும் ஒடையாது."

பொன்னியம்மாளின் கடையிலிருந்து வழக்கமாக வரும் "சொல்லிட்டேன்" வரவில்லை. சங்கீதா வண்டியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "சரின்னு சொல்லுக்கா" என்றாள். படியில் இறங்கும்போது ஒரு நொடி நின்றாள். அவர் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தை போனது, மாசி போனது. "பாத்தியாக்கா, இன்னும் ஒடையல" என்று இராஜமாணிக்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பங்குனியில் பெருமை கொஞ்சம் மெலிந்தது. கண்ணமங்கலத்து டவுன் பஸ் திரும்பும் சத்தம் கேட்டால் கை நின்றது. சித்திரையில், ஏதோ ஒரு மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே, "எண்ண போடவாவது வரணும். மூணு மாசத்துக்கு ஒரு வாட்டி எண்ண போடணும்" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

"எண்ணயப் பத்தி அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் பொன்னியம்மாள்.

வைகாசியில் பிரபாகரன் வந்தான். அவனோடு பேசுவதில் இராஜமாணிக்கத்துக்கு ஒரு தடையும் இல்லை. அவர்களுக்குள் பேச்சு இருந்ததே இல்லை, ஆகவே நின்றுபோகவும் இல்லை.

"மச்சான், எனக்கு ஓசூர்ல வேல கெடச்சிட்ச்சி. நாளைக்கி லாரி ஏத்தறோம். அங்க மாடி போர்ஷன், இத ஓட்ட எடம் இல்ல. உங்களுக்கு ஏதாச்சும் ஸ்பேருக்கு ஆவும்னு கொண்டாந்தேன்."

பையைத் திறந்தபோதே தீய்ந்த வாடை வந்தது. இராஜமாணிக்கத்துக்கு அந்த வாடை மனப்பாடம். கப்ளர் உடைய மறுத்த மிக்ஸிகளின் வாடை. எஃகுப் பற்கள் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. மோட்டார் கரிந்துபோயிருந்தது, பக்கத்தில் இருந்த சர்க்யூட் போர்டும் சேர்ந்து.

"ஏரிக்குள்ள இன்னாத்தத்தான் இழுத்தீங்க மாப்ள?"

"நான் எங்க மச்சான் இழுத்தேன்? நான் ஓட்டி ஒரு நாளும் ஒடஞ்சதில்ல. உங்க தங்கச்சிதான். காஸ் சிலிண்டர்ல கவுறு கட்டி, அந்தாண்ட மூலையில இருந்து இந்தாண்ட மூலைக்கு இழுக்க உடுவா. டப்புன்னு ஒரு சத்தம் வரும். அப்புறம் தல சீவி, பொடவ மாத்திகினு, ஆரணி பஸ் ஏறிடுவா."

இராஜமாணிக்கம் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இரும்பு போட்டப்புறமும் உடல மச்சான். ரெண்டு சிலிண்டர கட்டிப் பாத்தா. கிரைண்டர் கல்ல வெச்சிப் பாத்தா. கடைசியா பொகதான் வந்துச்சி. ஒக்காந்து அழுதுட்டா."

"அப்பவாவது கொண்டாந்து குடுத்திருக்கலாமே? பொகஞ்சாலும் ரிப்பேர்தானே?"

பிரபாகரன் காலிப் பையை மடித்தான். "நானும் சொன்னேன். 'அண்ணன் வாயால வராதேன்னு சொல்ல மாட்டாரு, அதான் கியர்ல சொல்லிட்டாரு'ன்னுட்டா."

அவன் டீகூடக் குடிக்காமல் போனான், மூட்டை கட்டும் வேலை இருந்தது. மறுநாள் காலை லாரி ஏற்றும் நேரத்துக்குக் கண்ணமங்கலம் போய் நின்றிருக்கலாம். அரை மணி நேரப் பயணம். இராஜமாணிக்கம் சட்டையை மாற்றிக்கொண்டு கடை வரைக்கும் வந்து, யாரோ கொண்டுவந்த கிரைண்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அது அவசர வேலை இல்லை என்று கிரைண்டர்காரரே சொன்னார்.

"போன் போட்டுப் பேசேன்டா" என்று பொன்னியம்மாள் பல தடவை சொல்லிப் பார்த்தாள். அவரிடம் போன் இருக்கிறது. பிரபாகரன் கொடுத்த நம்பரும் இருக்கிறது. "போன்ல இன்னாக்கா பேசறது?" என்பார். போனில் நடுவில் நிற்க ஆள் கிடையாது என்பதுதான் அவருடைய கஷ்டம் போலும்.

பேசுவதற்குப் பதிலாக அவர் வேலை செய்தார். சென்னையிலிருந்து புது மோட்டாரும் போர்டும் தருவித்தார். எஃகுச் சக்கரங்களைக் கழற்றி, உடைந்த சக்கரங்கள் இருந்த டப்பாவில் போட்டார். நைலானில் புதிதாக ஒன்று அறுத்தார். இந்த முறை பற்களை வேண்டுமென்றே மெலிதாக ராவினார். பொன்னியம்மாளின் இஸ்திரிப் பெட்டியைக் கயிறு கட்டி இழுக்கவிட்டார். டப்பென்று சத்தம் வந்தது. அவர் முகத்தில் மாதக்கணக்கில் காணாத திருப்தி வந்தது. அதே அளவில் இன்னொன்று செய்து கோத்தார். செருகிப் பார்க்க டிக்கெட் இல்லை. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டார். அட்டைப் பெட்டியில் வைத்து, ஓசூருக்குப் பார்சல் ஆபீசில் போட்டார். உடைய வேண்டும் என்று அவர் செய்து அனுப்பிய ஒரே வேலை அது.

பத்து நாள் கழித்துப் பிரபாகரனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. மொட்டை மாடியில் வண்டி நிற்கிறது, பின்னால் துணி உலர்த்தும் கொடி. கொடிக்குப் பின்னால் ஒரு புடவை தெரிந்தது. அது கொடியில் கிடந்ததா, யாராவது கட்டிக்கொண்டு நின்றார்களா என்று படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே 'சூப்பரா ஓடுது மச்சான்' என்று எழுதியிருந்தான்.

இப்போதும் மிக்ஸி வருகிறது. கப்ளரைக் கழற்றுகிறார், புதிதை மாட்டுகிறார், ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிடுகிறார். பிரசங்கம் இல்லாமல் மிக்ஸி கிடைப்பது ஊருக்கு ஆரம்பத்தில் நிம்மதியாக இருந்தது; இப்போது கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

பொன்னியம்மாள் காலையில் கடை திறக்கும்போது கேட்பாள். "இன்னாடா, ஒடஞ்சிதா?"

"இன்னும் இல்லக்கா."

"நல்ல வேலக்காரன்டா நீ" என்று சொல்லிவிட்டு, அவள் பெட்டியைச் சூடேற்றப் போவாள்.